கிழட்டு நட்சத்திரமும் ஒரு கேத்தல் சுடுதண்ணீரும்

கந்தப்பளைக்கு மேலே இருக்கும் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தேன். அதில் இருபத்தாறு வருடம் சிஃப்டிங் ரூமில். காய்ந்த தேயிலை அங்கேதான் சல்லடை சல்லடையாக விழுந்து தரம் பிரியும். மூட்டை கட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு காந்தத்தைத் தாண்டிப் போகும். ரோலர் தேயும், அடுப்புத் தட்டு தேயும், எங்கிருந்தாவது ஓர் ஆணி கழன்று விழும். அந்த இரும்புத் தூளெல்லாம் தேயிலையோடு சேர்ந்து யாருடைய கோப்பைக்கோ போய்விடாமல் பிடித்துக்கொள்வது அந்தக் காந்தம். மணிக்கு ஒரு தடவை அதை வெளியே இழுத்து, ஒட்டியிருக்கும் கறுப்புத் தூளைத் துணியால் வழித்து, ஒரு கண்ணாடிப் போத்தலில் சேர்த்து, தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவுக்குக் காட்டுவது என் பொறுப்பு.

கேட்பவர்களுக்கு இது ஒரு பெரிய உத்தியோகமாகத் தோன்றாது. எனக்குத் தோன்றியது. மலையில் மழையிலும் அட்டைக்கடியிலும் பத்து வருடம் கொழுந்து பறித்துவிட்டு உள்ளே வந்தவள் நான். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்தும், உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாததால் கூடையைத் தூக்கியவள். ஃபேக்டரிக்குள் ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு காரணம் இருந்தது. எனக்கு அந்தக் காரணங்கள் பிடித்திருந்தன. ஏன் என்று கேட்டால் பதில் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான், வீட்டில் ஏது?

கதை நடந்த வருடம் எனக்கு ஐம்பத்தொன்பது முடிந்துகொண்டிருந்தது. தையில் அறுபது. அறுபதில் அனுப்பிவிடுவார்கள். ஆனால் டீமேக்கர் ஐயா, தோட்டத்து மேனேஜர் தொரையிடம் பேசி இன்னும் இரண்டு வருடம் என்னை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். நான் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். சம்பளமும் வேண்டியதுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து அடுத்த வீட்டுக் கோழியை விரட்டிக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழிப்பது எனக்கு ஆகாது. வீட்டுக்காரர், "பொறந்ததுல இருந்து ஓடுற, கொஞ்சம் ஒக்காரேன்" என்பார். உட்காரத் தெரிந்தவர்கள் உட்காரலாம்.

அந்த வருடத் தொடக்கத்தில்தான் புதுக் காந்தம் வந்தது. பழையது கறுப்பாக, மொத்தமாக, அம்மிக்குழவி மாதிரிக் கனக்கும். புதியது பளபளவென்று ஒரு தகட்டு உறைக்குள், அதில் கால்வாசிகூட இல்லை. "இதா? இது என்னாத்த புடிக்கும்?" என்று நான் ஏளனமாகக் குனிந்து பார்த்தேன். தாலிக்கயிற்றில் நான் கோத்து வைத்திருந்த நாலு சட்டை ஊசிகளும் கயிற்றோடு முன்னால் பாய்ந்து காந்தத்தில் படீரென்று ஒட்டிக்கொண்டன. ஃபேக்டரிக்குள் ஊசி கொண்டுவரக் கூடாது என்பது விதி. நான் ஏப்ரனுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். என்னோடு சிஃப்டிங்கில் நின்றவள், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், சிரிப்பை அடக்க முடியாமல் தேயிலை மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அது ஒங்கள கல்யாணம் கட்டிக்கப் பாக்குது!"

அன்றிலிருந்து எனக்கு அதன்மேல் ஒரு கண். இத்தனை சின்னதற்கு இத்தனை பலம் எங்கிருந்து வந்தது? அதோடு வந்த தாளில் இருந்ததெல்லாம் ஆங்கிலமும் சீனமும். டீமேக்கர் ஐயாவிடம் கேட்டேன். "நியோடிமியம்னு ஒன்னு கலந்திருக்காங்க அக்கா. அருமண் மூலகம்னு சொல்வாங்க" என்றார். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை. நான் அந்தப் பெயரைக் கையில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பிறகு சாப்பாட்டு நேரமெல்லாம் போனும் கையுமாகத்தான் இருந்தேன். எங்கள் லயத்தில் சிக்னல் தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்தில் மட்டும்தான் வரும். குடத்தை வைத்துவிட்டு, அது நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்று எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கினேன் என்று கணக்கில்லை. சில காணொளி தமிழில், சில ஆங்கிலத்தில். புரியாததைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அருமண் என்றால் பூமியில் அபூர்வமாகக் கிடைப்பது என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லையாம். பல இடங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடக்கிறது. ஒன்றைப்போல ஒன்று இருக்கிற பதினேழு மூலகங்கள், அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதுதான் பெரும்பாடு. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே அளவுத் தூள் ஒரே சல்லடையில் விழுந்தால் என்ன பாடு என்று எனக்கா தெரியாது?

ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு. இந்த மூலகங்கள் பூமியில் உண்டானவையே இல்லை. சூரியனைப் போன்ற நட்சத்திரங்களும் அவற்றைவிடக் கொஞ்சம் பெரியவையும் வயதாகும்போது வீங்கி, சிவந்து, பெருத்துப் போகின்றன. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிற கிழங்கள். அந்த வயதில், அவற்றின் வயிற்றுக்குள், நியூத்திரன்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகின்றன. அங்கே ஏற்கனவே கிடக்கும் இரும்பின் கரு ஒன்று ஒரு நியூத்திரனைப் பிடிக்கும். பிறகு காத்திருக்கும். மாதக் கணக்கில், சில வேளை வருடக் கணக்கில். அடுத்தது வந்தால் அதையும் பிடிக்கும். பாரம் தாங்காதபோது உள்ளே இருக்கும் ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறும், கரு அடுத்த மூலகமாகிவிடும். இப்படி ஒவ்வொரு படியாக ஏறி ஏறி, ஆயிரக்கணக்கான வருடத்தில் இலந்தனம், சீரியம், நியோடிமியம் என்று பாரமான மூலகங்கள் உண்டாகின்றன. பிறகு அந்தக் கிழம் தன் வயிற்றில் இருப்பதைப் புரட்டி மேலே கொண்டுவந்து, காற்றாக வெளியே ஊதிவிடுகிறது. உலகத்து நியோடிமியத்தில் ஏறத்தாழப் பாதி இப்படி வந்ததாம். மீதியோ நட்சத்திரங்கள் மோதிச் சிதறுகிற பெரிய கலவரங்களில்.

எனக்கு அந்தக் கலவரத்தில் அக்கறை இல்லை. அதைத்தான் எல்லோரும் படம் போட்டுக் காட்டுகிறார்கள். அவசரமே இல்லாமல் வயதான காலத்தில் நடக்கிற இந்த வேலையைப் பற்றித்தான் எனக்குக் கேட்டுத் தீரவில்லை. அதுவும் இரும்பிலிருந்து! தேயிலையில் வருகிற இரும்பை இந்தக் காந்தம் பிடிக்கிறது. ஆனால் இதற்குள் இருக்கும் நியோடிமியமே ஒரு காலத்தில் இரும்பாக இருந்திருக்கிறது. இதை நினைத்து நினைத்து நான் ஒருநாள் பருப்பைத் தீய விட்டேன்.

சிஃப்டிங்கில் இதைப் பற்றியே பேசுவேன். "அக்காவுக்கு நட்சத்திரம் புடிச்சிருச்சு" என்று ஃபேக்டரி முழுக்கக் கேலி. பேசட்டும் என்று விட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் ஃபேக்டரியில் ஆயுத பூசை என்றால் மிஷின்களுக்குத்தான் முதல் மரியாதை. ரோலருக்கு மாலை, அடுப்புக்குச் சந்தனம், சல்லடைகளுக்குக் குங்குமம். அவல், பொரி, கடலை. அன்றைக்கு மிஷின் ஓடாது. காந்தத்தை நான் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, பழையதற்கு வழக்கமாகச் செய்கிறபடி சந்தனம் அப்பிப் பொட்டு வைத்தேன். நட்சத்திரத்திலிருந்து வந்தது என்பதால் ஒரு பூ கூடுதலாக.

அடுத்த நாள் காலை வேலை தொடங்க வேண்டும். சந்தனம் உறையின் இடுக்கிலெல்லாம் காய்ந்து போயிருந்தது. தேயிலை வாசனையை இழுக்கிற சாமான். சந்தன வாசம் ஒரு துளி ஏறினாலும் டீமேக்கர் ஐயா வாயில் வைத்ததும் கண்டுபிடித்துவிடுவார். பழைய காந்தத்தை வருடா வருடம் கொதிக்கிற தண்ணீரில் போட்டுத்தான் கழுவுவேன். அதற்கு ஒன்றும் ஆனதில்லை. டீ ருசி பார்க்கிற இடத்திலிருந்து கேத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

என்னோடு இருந்தவள் கேத்தலைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "அக்கா, இது புதுசாச்சே. சுடுதண்ணி ஊத்தலாமா? ஐயாகிட்ட ஒரு வார்த்த கேப்போமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இப்போதும் அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

"அடியே, இது கோடி கோடி டிகிரி சூட்டுல பொறந்தது. கேத்தல் தண்ணி இத என்னடி செய்யும்?"

சட்டிக்குள் காந்தத்தை வைத்துக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். மூடி வைத்தேன். அரை மணி நேரம் ஊற விட்டு, துடைத்து, மிஷினில் மாட்டினேன்.

அன்றைக்கு மணிக்கு ஒரு தடவை காந்தத்தை இழுத்துப் பார்த்தபோது துணியில் கறுப்பே இல்லை என்று சொல்லலாம். லேசாக ஒரு நிழல். அவ்வளவுதான். போத்தலைப் பார்த்த டீமேக்கர் ஐயாவுக்குச் சந்தோஷம். பூசைக்கு முதல் நாள் ரோலரைக் கழற்றிப் பூட்டிய ஃபிட்டருக்கு ஒரே பெருமை. "நான் போட்ட டைட்டு அப்புடி" என்று மீசையைத் தடவினார். மற்றவர்கள், அம்மாளாச்சி கண்ணைத் திறந்துவிட்டாள், பூசைக்குப் பிறகு தேயிலையில் இரும்பே இல்லை என்றார்கள். நானும் அதைக் கேட்டு மகிழ்ந்தேன். முதல் நாள் முழுக்க. இரண்டாம் நாள் மனதில் ஏதோ உறுத்தியது. இருபத்தாறு வருடத்தில் இரும்பு வராத நாளை நான் பார்த்ததில்லை. ரோலர் ஓடினால் தேயும். தேய்ந்தால் தூள் வரும். பூசை போட்டாலும் இரும்பு இரும்புதானே.

நாலாம் நாள் காலை ஏழு மணி இருக்கும். காந்தத்தை இழுப்பதற்காகக் குனிந்தேன். ஏப்ரன் விலகி, தாலிக்கயிறு முன்னால் தொங்கியது. நான் பாதி வேலையில் அப்படியே நின்றேன். நாலு ஊசிகளும் நேராகக் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு ஊசியைக் கழற்றிக் காந்தத்தின் மேல் வைத்தேன். ஒட்டியது. உறையைச் சாய்த்ததும் வழுக்கிக்கொண்டு விழுந்தது.

தண்ணீர்ப் பைப்புக்கு ஓடினேன், போனை எடுத்துக்கொண்டு. எட்டு மாதமாக எதை எதையோ தேடியவள், முதல் தடவையாக இந்தக் காந்தத்தை எவ்வளவு சூடாக்கலாம் என்று தேடினேன். சாதாரண ரகத்துக்கு எண்பது டிகிரிதான். அதற்கு மேலே போனால் பலம் குறையும், ஆறினாலும் போன பலம் திரும்பாது. எங்கள் மலையில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், அதனால்தான் பருப்பு வேக அத்தனை நேரம். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், எப்படியாவது தப்பிக்க முடியுமா என்று. எப்படிப் போட்டாலும் தொண்ணூறுக்கு மேலேதான் வந்தது.

அங்கேயே நின்று எனக்கு விளங்கியது. நட்சத்திரத்தில் பிறந்தது நியோடிமியம். காந்தம் அங்கே பிறக்கவில்லை. அது பிறந்தது எங்கோ ஒரு தொழிற்சாலையில். அங்கே அந்த மூலகத்தை இரும்போடும் இன்னும் ஏதோ ஒன்றோடும் சேர்த்து, உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான குட்டிக் குட்டிக் காந்தங்களையெல்லாம் ஒரே பக்கம் பார்க்க நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் வரிசையாக நிற்கிற ஆட்கள் மழை கொட்டியதும் ஆளுக்கொரு பக்கம் கலைகிற மாதிரி, சூடு பட்டதும் அவை கலைந்துவிட்டன. நியோடிமியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கலைந்தது அந்த வரிசை. அதன் பூர்வீகமெல்லாம் தேடித் தெரிந்துகொண்ட நான், அதைக் குளிப்பாட்டுகிற முறையைக் கேட்காமல் விட்டேன்.

மூன்று நாள் தேயிலை மூட்டையாகி அடுக்கியிருந்தது. பத்து மணிக்குக் கொழும்புக்கு லொறி. நான் போய்ச் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. புதுக் காந்தம் கொஞ்ச நாளில் பலம் இழந்துவிட்டது என்று பிறகு யாராவது கண்டுபிடிப்பார்கள், அதற்குள் நான் இரண்டு வருடத்தை வாங்கியிருப்பேன். இப்படியெல்லாம் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பைப்பிலிருந்து ஃபேக்டரி வரைக்கும் நினைத்துக்கொண்டேதான் நடந்தேன். வாசலில் லொறி வந்து நின்றிருந்தது. முதல் மூட்டையைத் தோளில் ஏற்றப் போனார்கள். "ஏத்தாதீங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

டீமேக்கர் ஐயா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு ஏச்சு எதுவும் இல்லாமல், படிக்கட்டுக்கு அடியில் கிடந்த பழைய காந்தத்தை எடுத்து வரச் சொன்னார். எல்லா மூட்டையையும் பிரித்தோம். மூன்று நாள் வேலையை மறுபடி இரண்டு நாளில் ஓட்டினோம். எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டேதான் வேலை செய்தார்கள். திட்டட்டும், அதில் நியாயம் இருந்தது. கடைசியில் போத்தல் மூடி நிறைய இரும்புத் தூள் சேர்ந்தது. அதில் ஒரு துண்டு நகக்கீற்று நீளம்.

மறுநாள் டீமேக்கர் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, வந்த சாமானே பழுதுன்னு நான் எழுதிடுறேன். நீங்க ஒன்னும் எழுதித் தர வேணாம். வெளக்கக் கடிதம் ஃபைல்ல ஏறுனா, அறுபதுக்கு மேல வைக்க ஆபீஸ்ல விட மாட்டாங்க. வெளங்குதா?"

"பழுதுன்னு எழுதுனா என்ன செய்வாங்க ஐயா?"

"இதே மாதிரி வேற ஒன்னு அனுப்புவாங்க."

"அதுக்கும் அடுத்த பூசைக்கு யாராச்சும் சுடுதண்ணி ஊத்துவாங்க."

"நான் சொல்லி வைக்கிறேன் அக்கா."

"நீங்க மாறிப் போயிட்டா?"

அவர் நல்ல மனிதர். எனக்காகத்தான் சொன்னார். ஆனால் பழுதே இல்லாத ஒரு சாமானைப் பழுது என்று எழுதுவதை என்னால் தாங்க முடியவில்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, என் தாலியைக்கூட விட்டுவைக்கவில்லை. பழுது என் வாயில் இருந்தது. அவர் மேசையிலிருந்து ஒரு தாளை நானே இழுத்து எடுத்தேன். சந்தனத்திலிருந்து தொடங்கி, கேத்தல், எண்பது டிகிரி, நான் பேசிய பேச்சு எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதினேன். இனி எந்தக் காந்தத்தையும் ஈரத் துணியால் மட்டும் துடைக்க வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது தைரியமாக இருந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார், சீனி போட மறந்து.

இரண்டு வருடம் கிடைக்கவில்லை. தொரை என்னைக் கூப்பிட்டுக் கடிதத்தைப் படித்ததாகச் சொன்னார், நல்ல விளக்கம் என்றார், விதியை மாற்ற முடியாது என்றார். மார்கழியில் இன்னொரு காந்தம் வந்தது. அதோடு ஒரு அறிவித்தலும் மூன்று மொழியில் எழுதிச் சுவரில் மாட்டினார்கள்: காந்தத்தில் சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது. ஏன் என்று அதில் எழுதவில்லை.

தையில் என் கடைசி நாள். பிற்பகல் ஒரு மாலை போட்டார்கள், தொரை கை கொடுத்தார், படம் எடுத்தோம். எல்லாம் முடிந்து, ஏப்ரனைக் கொடுத்துவிட்டுப் போவதற்காகச் சிஃப்டிங் ரூமுக்குள் போனேன். என்னோடு சிஃப்டிங்கில் நின்றவள்தான் இப்போது என் இடத்தில் பொறுப்பு. காந்தத்தை வெளியே இழுத்து, ஈரத் துணியால் பக்குவமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி கறுப்பாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

"அக்கா, போறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லுங்க" என்றாள். "கோடி டிகிரில பொறந்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க? பொறகு எதுக்கு இந்தச் சுடுதண்ணிக்குப் போயி செத்துச்சு? இத்தன நாளா கேக்கணும்னு இருந்தேன்."

இத்தனை மாதத்தில் கேலி செய்யாமல் என்னிடம் வந்த முதல் கேள்வி அது. எனக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அது சாகலடி. வா, சொல்றேன். அந்தக் கெழட்டு நட்சத்திரம் இருக்கு பாரு..." என்று தொடங்கினேன். அதற்குள் மிஷின் ஓட்டுகிற பையன் சுவிட்சைப் போட்டான். சல்லடைகள் எல்லாம் ஒன்றாக ஆடத் தொடங்கின. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அவள் தன் காதில் கையைக் குவித்து வைத்து என் வாயையே பார்த்தாள்.

இருபத்தாறு வருடமாக நான் கையைத் தூக்கினால் மிஷின் நிற்கும். பழக்கத்தில் கையைத் தூக்கினேன். ஓட்டுகிற பையன் என்னைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான், அவள் சொல்லட்டும் என்று நின்றான்.

நான் கையைக் கீழே போட்டேன்.